சாங்கிச் சுவரின் உள்ளும் புறமும்

கடையநல்லூர் முஸ்லிம்களுக்குச் சிங்கப்பூர் ஒரு வெளிநாட்டின் பெயர் மட்டுமன்று. பல குடும்பங்களுக்கு அது ஊரின் மற்றொரு பகுதியே ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தறியை நம்பி வாழ்ந்த இச்சமுதாயத்தார், தறி சோறு போடாத ஆண்டுகளில் கடல் கடந்தனர். துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அவர்கள் குடியேறினர். ஆண்கள் துறைமுகக் கூலியும் சிறுவாணிகமும் செய்தார்கள். பின்னர் அங்குச் சென்று சேர்ந்த பெண்கள் மசாலை அரைத்து விற்றுக் குடும்பத்திற்குத் துணை நின்றார்கள். இன்றும் மேக்ஸ்வெல் சாலையை ஒட்டிக் 'கடையநல்லூர் தெரு' என்றே ஒரு தெரு அந்நகரில் உள்ளது. தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் அயல்நாட்டுத் தலைநகரொன்றின் நடுவில் நிலைத்திருப்பது அரிய செய்தியே.

சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டு வீசின. 1942 பிப்ரவரி 15 அன்று, ஹிஜ்ரி 1361 முஹர்ரம் மாத இறுதியில், பிரிட்டிஷ் படை சரணடைந்தது. நகரின் பெயர் 'சியோனான்' என மாற்றப்பட்டது. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்திற்குத் திருப்பப்பட்டன. அடுத்து வந்த மூன்றரை ஆண்டுகளை நம் முதியோர் 'ஜப்பான்காரன் காலம்' என்னும் இரு சொற்களில் அடக்கிவிடுவர். அக்காலத்தைப் பற்றி நம்மிடம் எழுத்தில் உள்ளது மிகச் சொற்பம். மற்றவர்களிடம் என்ன இருக்கிறது என்று காணும் ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. அண்மையில் சிங்கப்பூர் சென்றிருந்தபோது ஒரு முற்பகலைச் சாங்கி நினைவு அருங்காட்சியகத்திற்கென ஒதுக்கியதற்கு அதுவே காரணம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். 'சாங்கிச் சிறை' என்று போர்க்கால நூல்களில் வருமிடமெல்லாம் அது ஒரே கட்டடத்தைக் குறிப்பதாகக் கொள்ளலாகாது. சாங்கி என்பது தீவின் கிழக்கு முனை. அங்கே பிரிட்டிஷார் 1936இல் கட்டிய சிறைச்சாலை ஒன்று; அதனைச் சூழ்ந்த செலராங், ராபர்ட்ஸ் முதலிய படைக் குடியிருப்புகள் வேறு. அரபு மொழியில் போரில் பிடிபட்டவனை 'அஸீர்' என்றும், அடைத்து வைக்கப்பட்டவனை 'மஹ்பூஸ்' என்றும் கூறுவர். நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்விருவரின் சட்டங்களையும் வெவ்வேறு பாடங்களில் பேசுகின்றன. இப்பாகுபாடு சாங்கியைப் புரிந்துகொள்ள மிகவும் துணை செய்கிறது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் அஸீர்கள்; அவர்கள் படைக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். படையில் சேராத ஐரோப்பியரான அலுவலர், வாணிகர், மருத்துவர், பாதிரியார், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோர் மஹ்பூஸ்கள். அறுநூறு கைதிகளுக்கெனக் கட்டப்பட்ட சிறைக்குள் இத்தகையோர் ஏறத்தாழ மூவாயிரம் பேர் திணிக்கப்பட்டனர். 1944ஆம் ஆண்டு இவர்கள் சைம் சாலை முகாமுக்கு மாற்றப்பட்ட பின்னரே படைவீரர்கள் சிறைக் கட்டடத்திற்குள் கொண்டுவரப்பட்டார்கள்.

இன்றைய அருங்காட்சியகமும் பழைய சிறைக்குள் இல்லை. 1988இல் சிறையை ஒட்டிச் சிறிய அளவில் தொடங்கப்பட்ட அது, 2001இல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி இப்போதுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது. பின்னர்ப் புதுப்பிப்பதற்காக மூடப்பட்டு 2021 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய சிறைக் கட்டடம் 2004இல் இடிக்கப்பட்டது. அங்கு அடைபட்டிருந்தவர்களின் நாடுகள், குறிப்பாக ஆஸ்திரேலியா, வேண்டிக்கொண்டதன் பேரில் வாயிற்கதவும் 180 மீட்டர் நீளச் சுவரும் இரு காவற்கோபுரங்களும் மட்டும் விட்டுவைக்கப்பட்டன. சிங்கப்பூர் வீழ்ந்ததன் ஆண்டு நாளான 2016 பிப்ரவரி 15 அன்று அவை தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. சுவருக்கு அப்பால் புதிய சிறை இயங்கி வருவதால் பார்வையாளர் சாலையில் நின்று காண்பதோடு சரி. கொடுமையின் சின்னமாக எண்ணிச் சென்ற எனக்கு, சாம்பல் நிறமான அந்தச் சுவர் சாதாரணமாகவே தோன்றிற்று. அது பேச வேண்டியதை ஒரு கிலோமீட்டர் அப்பாலுள்ள அருங்காட்சியகமே பேசுகிறது.

அங்குள்ள பொருள்கள் பெரியவை அல்ல. தீப்பெட்டிக்குள் மறைத்து வைத்த தந்திக் கருவி ஒன்று. மனைவி கொடுத்தனுப்பிய சிறு ஒளிப்படக் கருவியைக் காவலர் கண்ணில் படாமல் காப்பாற்றிய படைவீரரின் கோடாக் பெட்டி ஒன்று. சிறை அறைக் கதவு ஒன்று. ராபர்ட்ஸ் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த ஸ்டான்லி வாரன் என்னும் படைவீரர் 1942இல் மருத்துவமனைச் சிற்றாலயத்தின் சுவர்களில் தீட்டிய ஓவியங்களின் படிகள் வேறோரிடத்தில் உள்ளன. வண்ணம் கிடைக்காத நிலையில், பில்லியர்ட்ஸ் ஆட்டத்திற்குரிய நீலச் சுண்ணத்தைப் பொடித்து அவர் நீல நிறத்தை உண்டாக்கினார் என்பர். உருவ ஓவியம் பற்றிய நம் மார்க்கக் கருத்து நாமறிந்ததே. ஆயினும் சிறையிலிருந்த ஒருவர் தம் வணக்கத்திற்காக நிறத்தைத் தேடி அலைந்த அந்த முயற்சியை நான் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

பெண்கள் தைத்த ஒட்டுப் போர்வைகளின் வரலாறு அனைத்தினும் என்னைக் கவர்ந்தது. சிறையின் ஒரு பகுதியில் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ நானூறு பேர் தனியே அடைக்கப்பட்டிருந்தனர். கணவன்மார் மறுபகுதியிலோ படைமுகாமிலோ இருந்தனர். உயிரோடு இருக்கிறார்களா என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. கனடா நாட்டவரான எத்தல் மல்வனி என்னும் பெண்மணியின் முயற்சியால் 1942இல் மூன்று போர்வைகள் தைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 66 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெண் தன் பெயரையும் தனக்குத் தோன்றிய ஒரு படத்தையும் நூலால் வரைந்தாள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியக் காயமுற்றோருக்கு என மூன்றும் தனித்தனியே கொடுக்கப்பட்டன. பகைவனின் காயத்திற்கும் ஒரு போர்வை என்பது சிந்திக்கத்தக்கது. அதில் ஓர் உபாயமும் இருந்தது. போர்வை படை மருத்துவமனைக்குப் போகும். அங்கே கணவனின் கண்ணில் மனைவியின் பெயர் படும். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியவரும். இப்போது அவற்றுள் இரண்டு கான்பரா நகரிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தாரிடமும் உள்ளன.

மற்றொன்று, ஆர்தர் வெஸ்ட்ராப் என்னும் சிறைவாசியின் நாட்குறிப்பு. ஏறத்தாழ நானூறு பக்கங்கள். அத்தனையும் ஆப்பிரிக்காவில் இருந்த தம் மனைவிக்கு எழுதும் கடிதங்களாகவே அமைந்துள்ளன. அனுப்ப வழியில்லாத கடிதங்கள். அனுப்ப முடியாது என்று தெரிந்தும் அவர் எழுதினார்.

இப்பொருள்களையெல்லாம் கண்டு முடிக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. மலாயாவைக் காக்க நின்ற படையில் பாதிக்கு அருகில் இந்தியர். அவர்களுள் பஞ்சாப், வடமேற்கு எல்லை, ஐதராபாத் ஆகிய பகுதிகளின் முஸ்லிம்கள் ஏராளம். அவர்கள் எங்கே? இதனை அருங்காட்சியகத்தாரின் புறக்கணிப்பு என்று அவசரப்பட்டுக் கூறிவிடலாகாது. காரணம் வரலாற்றில் உள்ளது. 1942 பிப்ரவரி 17 அன்று ஐரோப்பியப் படைவீரர்கள் சாங்கியை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். அதே நாளில் இந்திய வீரர்கள் ஃபேரர் பார்க் மைதானத்தில் ஒன்று திரட்டப்பட்டனர். நாற்பதாயிரத்திற்குக் குறையாத அக்கூட்டம் பிரிட்டிஷ் அதிகாரியால் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடமும், அவரால் கேப்டன் மோகன் சிங்கிடமும் ஒப்படைக்கப்பட்டது. வென்றவர்கள் தோற்றவர்களை நிறத்தால் பிரித்தார்கள். வெள்ளையருக்குச் சாங்கி, இந்தியருக்குப் பிடாடரி, நீசூன், சிலேத்தார் முதலிய முகாம்கள். அந்தப் பிரிவினையே இன்று கண்ணாடிப் பேழைகளுக்குள்ளும் தொடர்கிறது.

பிரிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். அதன் முஸ்லிம் தலைவர்களான ஷா நவாஸ் கான், கியானி, ஆபித் ஹஸன் முதலியோர் நம் வாசகர்கள் அறிந்தவர்களே. 1943 அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் ஆலோசகர் பட்டியலில் தமிழ் முஸ்லிமான கரீம் கனியின் பெயரும் உண்டு. சேர மறுத்தவர்கள் நிலை வேறு. அவர்களில் பல்லாயிரவர் நியூ கினி முதலிய தீவுகளுக்குக் கூலிப்படையாகக் கப்பலேற்றப்பட்டுப் பசியாலும் நோயாலும் மாண்டனர். கிராஞ்சி போர் நினைவகத்தில் கல்லறை இல்லாதோர் பெயர்கள் இருபத்து நான்காயிரத்திற்கு மேல் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சுவர்களில் கான் என்றும் முஹம்மத் என்றும் தொடங்கியும் முடிந்தும் நிற்கும் பெயர்களைக் கண்டேன். ஒரு பலகையை மட்டும் முழுமையாக வாசித்து முடித்தேன்.

சாங்கியின் வரலாற்றில் இந்தியர் வருமிடம் ஒன்று உண்டு. அது நமக்கு இனிமையானதன்று. 1942 ஆகஸ்ட் இறுதியில், தப்பியோடுவதில்லை என்று ஒவ்வொரு கைதியும் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என ஜப்பானியர் ஆணையிட்டனர். கைதிகள் மறுத்தனர். உடனே பதினைந்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் செலராங் குடியிருப்பின் சதுக்கத்திற்குள், தண்ணீரும் கழிப்பிடமும் போதாத நிலையில், நெருக்கி நிறுத்தப்பட்டனர். செப்டம்பர் 2 அன்று முன்னர்த் தப்பியோடிப் பிடிபட்ட நால்வர் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்ட துப்பாக்கிகள் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த காவலர் கைகளில் இருந்தன. விடுதலைக்காகத் திரண்ட படையின் பெயர் இந்நிகழ்ச்சியிலும் இடம்பெற்றிருப்பதை நம் மேடைகளில் எவரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. வயிற்றுப்போக்கு பரவத் தொடங்கியதும் தளபதியே கையொப்பமிடும்படி கட்டளையிட்டார். வற்புறுத்தலின் கீழ் அளித்த உறுதி கட்டுப்படுத்துமா என்பது நம் சட்ட நூல்களிலும் நெடிய விவாதம். பெரும்பான்மை இமாம்கள் 'இல்லை' என்பர், ஹனஃபிகள் சத்தியத்திலும் தலாக்கிலும் மாறுபடுவர். கைதிகள் முதற்கருத்தையே கொண்டனர் போலும்!

சாங்கியைப் பற்றிய மற்றொரு புள்ளிவிவரம் பலருக்கு வியப்பளிக்கும். அம்முகாம் வழியே சென்ற போர்க்கைதிகள் 87,000 பேர் என்றும், முகாமிலேயே இறந்தவர்கள் 850 பேர் என்றும் ஆஸ்திரேலியர் கணக்கிட்டுள்ளனர். சாவு சாங்கியில் இல்லை. சாங்கியிலிருந்து அனுப்பப்பட்ட இடங்களில் இருந்தது. அவற்றுள் கொடியது சயாம்-பர்மா ரயில் பாதை. 1942-43இல் 415 கிலோமீட்டர் நீளத்திற்குக் காட்டை வெட்டி அமைக்கப்பட்ட அப்பாதையில் அறுபதாயிரம் போர்க்கைதிகள் உழைத்துப் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு லட்சத்தை ஒட்டியிருந்தனர். அவர்களில் மாண்டோர் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் மிகப் பலர். காஞ்சனபுரிக் கல்லறையில் போர்க்கைதிகள் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குத் தனித்தனிக் கற்கள் உள்ளன. நம்மவர் தொகை மதிப்பீடாகவே நிற்கிறது.

இவ்வேறுபாட்டிற்கு அடிப்படை என்ன? சிறை கொடியதுதான். ஆயினும் சிறைக்கு ஒரு பதிவேடு உண்டு. உள்ளே வருபவனின் பெயர் எழுதப்படுகிறது. அவனுக்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. அவனுக்காகக் கேட்க ஓர் அரசு இருக்கிறது. அவன் எழுதியதைப் பாதுகாக்க ஒரு குடும்பமும் பின்னர் ஒரு நிறுவனமும் வருகின்றன. சுவருக்கு வெளியே பட்டினி கிடந்தவனுக்கு இவற்றில் ஒன்றுமில்லை. தஞ்சோங் பகாரில் வாழ்ந்த நம்மவர் கைதிகள் அல்லர், பெயரளவில் சுதந்திரமானவர்கள். சீனர்களைக் குறிவைத்து நடந்த 'சூக் சிங்' படுகொலையின் கொடுமை இந்தியர்மீது பாயவில்லை. ஆனால் அரிசி பங்கீட்டில் சுருங்கியது. மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. வாழைமரப் படம் பொறித்த ஜப்பானியத் தாள் பணத்தின் மதிப்பு நாள்தோறும் வீழ்ந்தது. இவை எல்லாவற்றினும் பெரிது, கடல் மூடப்பட்டதே. 1942 பிப்ரவரிக்குப் பின்னர் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே பயணக் கப்பல் இல்லை, வழக்கமான தபால் இல்லை, பண அனுப்பீடு இல்லை. மாதந்தோறும் வந்த பணத்தை நம்பியிருந்த கடையநல்லூர் வீடுகளில் அது ஒரே நாளில் நின்றது. வெஸ்ட்ராபின் நானூறு பக்கங்களுக்கு முன் நின்றபோது என் எண்ணம் இங்குதான் வந்தது. அவர் மனைவிக்கு எழுதினார்; கடிதம் போய்ச் சேரவில்லை. கடையநல்லூரில் எத்தனை மனைவியர் வாராத கடிதத்திற்காகக் காத்திருந்தனர்!

இது மன வேதனை மட்டுமன்று. ஒரு சட்டச் சிக்கலும் ஆகும். உயிருடன் இருக்கிறானா இறந்தானா என்று அறிய முடியாதபடி காணாமற்போன கணவனை நம் ஃபுகஹாக்கள் 'மஃப்கூத்' என்பர். அவன் மனைவி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? உமர் (ரலி) அவர்கள் நான்கு ஆண்டுகள் காத்திருக்கச் செய்து, பின் மரண இத்தாவான நான்கு மாதம் பத்து நாள் இருந்து மறுமணம் செய்ய அனுமதித்தார்கள். இமாம் மாலிக் இதனையே தம் மத்ஹபாகக் கொண்டார். இமாம் ஷாஃபியின் பழைய கருத்து இதற்கு இசைந்தது. அவர்தம் புதிய கருத்தோ, மரணமோ மணவிலக்கோ உறுதிப்படும் வரை அவள் மனைவியே என்பது. ஹனஃபி மத்ஹபில் அவனுடைய ஒத்த வயதினர் இறந்து தீரும் வரை காத்திருக்க வேண்டும். தொண்ணூறு வயது என்று அதற்கு எல்லை கூறியோரும் உண்டு. இருபது வயது மணமகளுக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

நல்வாய்ப்பாக, போருக்குச் சற்று முன்னரே இந்திய உலமாக்கள் இச்சிக்கலைக் கையிலெடுத்திருந்தனர். மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள் 1930களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'அல்-ஹீலத்துந் நாஜிஸா' என்னும் நூலில், தேவை நேரும்போது ஹனஃபிகள் மாலிகி மத்ஹபைப் பின்பற்றலாம் என்று வழி திறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் வந்தது. கணவனைப் பற்றி நான்காண்டுகள் செய்தி இல்லையெனில் மனைவி நீதிமன்றம் செல்லலாம். தீர்ப்புக்குப் பின்னும் ஆறு மாதம் அது செயற்படாது, அதற்குள் அவன் வந்துவிட்டால் தீர்ப்பு நீக்கப்படும். இரண்டாண்டுகள் ஜீவனாம்சம் கொடுக்காவிடில் அதுவும் தனியே ஒரு காரணமாகும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15. ஜப்பானியர் சிங்கப்பூர் நகராட்சிக் கட்டடத்தில் முறைப்படி சரணடைந்தது 1945 செப்டம்பர் 12. ஹிஜ்ரி 1364 நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில். இடைப்பட்டது மூன்று ஆண்டுகளும் ஏறத்தாழ ஏழு மாதங்களும். பிறைக் கணக்கில் மூன்று ஆண்டு எட்டு மாதம். நான்காண்டு நிறைவதற்கு நான்கு மாதமிருக்கையில் போர் முடிந்தது! 1944 தொடக்கத்திலேயே ஜீவனாம்சக் காரணம் கைக்கு எட்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. பண வரவு அற்ற வீட்டில், பெற்றோரும் ஜமாஅத்தும் என்ன முடிவு செய்தனர் என்பதே அக்காலச் சமூக வரலாற்றின் உயிர்நாடி. சாங்கிப் பெண்கள் தம் பெயரைத் துணியில் தைத்துக் கணவருக்கு 'நான் இருக்கிறேன்' என்று அறிவித்தனர். நம் கணவன்மாருக்கு அந்த ஒரு துண்டுத் துணியும் வாய்க்கவில்லை.

நிற்க. சாங்கியைக் காட்டிலும் நம் மக்களுக்கு அண்மையில் இருந்த சிறை வேறொன்று. தஞ்சோங் பகாரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பியர்ல்ஸ் ஹில் மேட்டின் அருகில் ஊட்ரம் சாலைச் சிறை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த அதனை ஜப்பானியர் தம் படைநீதிமன்றம் தண்டித்தோரை அடைக்கப் பயன்படுத்தினர். சாங்கியோடு ஒப்பிட இயலாத அளவுக்கு அது கொடிய இடம் என்று இரண்டையும் கண்டவர்கள் எழுதியுள்ளனர். அங்கிருந்தவர்களுக்குச் சாங்கி மருத்துவமனைக்கு மாற்றப்படுவது விடுதலை போன்றிருந்ததாம்.

ஊட்ரம் சிறைச்சுவருக்கு முஸ்லிம்களோடு பழைய தொடர்பும் உண்டு. 1915 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் வீழ்வதற்குச் சரியாக இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் அதே நாளில், அங்கு நிலைகொண்டிருந்த ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி படையினர் கிளர்ந்தெழுந்தனர். முழுவதும் முஸ்லிம்களைக் கொண்ட படை அது. உஸ்மானியக் கிலாஃபத் 1914 இறுதியில் ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியிருந்தது. மறுநாள் கப்பலேற வேண்டிய தம்மைத் துருக்கியருக்கு எதிராகப் போரிட அனுப்புகிறார்கள் என்று வீரர்கள் நம்பினர்; உண்மையில் அவர்கள் செல்லவிருந்தது ஹாங்காங்குக்கு. தவறான வதந்தியும் அதிகாரிகளுக்குள் நிலவிய பூசலும் சேர்ந்து மூட்டிய நெருப்பில் படையைச் சாராத ஐரோப்பியர் பலரும் கொல்லப்பட்டனர். அச்செயலை நியாயப்படுத்த இயலாது. அடக்கப்பட்ட பின் 47 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஊட்ரம் சிறையின் வெளிச்சுவர் அருகில் நிறுத்திப் பெருங்கூட்டத்தின் கண்முன்னே சுட்டார்கள். குஜராத்தி முஸ்லிம் வணிகரான காசிம் மன்சூர், துருக்கியின் உதவி வேண்டிக் கடிதம் எழுதிய குற்றத்திற்காக அவ்வாண்டு மே மாத இறுதியில் அதே சிறையில் தூக்கிலிடப்பட்டார். மாண்ட பிரிட்டிஷாரின் பெயர்கள் விக்டோரியா நினைவு மண்டபத்தில் பலகையில் உள்ளன. ஊட்ரம் சிறையோ 1960களில் இடிக்கப்பட்டுக் குடியிருப்பு ஆயிற்று. அக்குடியிருப்பும் பின்னர் இடிக்கப்பட்டது. சுவரில் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்க அதன் கைதிகளுக்கு ஓர் அரசு இல்லை.

இதனைச் சிங்கப்பூரின் குறை என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்ப முடியாது. அதே போர்க்காலத்தில், மலாயாவிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் வந்து தானூர்க் கடற்கரையில் இறங்கிய வக்கம் அப்துல் காதர் என்னும் இளைஞர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடன் தூக்குமேடை ஏறியவர்கள் இந்துக்களும் சீக்கியருமான தோழர்கள். பினாங்கில் பயிற்சி பெற்ற அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. அச்சிறையின் கைதிகள் 2006இல் புழலுக்கு மாற்றப்பட்டனர். கட்டடம் 2009இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் மருத்துவக் கல்லூரிக் கட்டடம் எழுந்துள்ளது. மருத்துவக் கல்லூரி வேண்டியதுதான். சாங்கியில் விட்டதுபோல் ஒரு வாயிற்கதவையேனும் விட்டிருக்கலாம்.

சிங்கப்பூர் அரசு 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கி, 1981 முதல் ஜப்பானியர் காலத்தைக் கண்டோரின் நினைவுகளைப் பல மொழிகளில் ஒலிப்பதிவு செய்தது. சுவருக்கு வெளியே இருந்தவர்களுக்கு வாய்த்த முதற் பதிவேடு என்று அதனைச் சொல்லலாம். கடையநல்லூர் முஸ்லிம் லீக் தன் பங்கிற்குப் போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவியது. பங்கீட்டு அரிசி உண்டு மீண்ட மக்கள் முதலில் கட்ட நினைத்தது பள்ளிக்கூடம். பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை அது நடந்தது.

இக்கரையில் நமக்குள்ள ஆவணம் வேறு. பள்ளிவாசல்களிலும் காஜி அலுவலகங்களிலும் உள்ள நிக்காஹ் பதிவேடுகளில் மணமகன், மணமகள், வலீ, சாட்சிகள் ஆகியோர் பெயரோடு, மணமகள் கன்னியா முன்னர் மணமானவளா என்னும் குறிப்பும் எழுதப்படுவது வழக்கம். முன்னர் மணமானவள் எனில் கணவன் இறந்தானா, தலாக்கா, ஃபஸ்கா என்பதும் சில பதிவேடுகளில் காணப்படும். 1942 முதல் 1947 வரையிலான பக்கங்களில் எத்தனை ஃபஸ்குகள் உள்ளன, அவற்றிற்கு நீதிமன்றத் தீர்ப்பு எண் தரப்பட்டுள்ளதா, கணவன் ஊர் 'சிங்கப்பூர்' என்று எத்தனை இடத்தில் வருகிறது என எண்ணிப் பார்த்தால், மேலே கூறிய நான்காண்டுக் கணக்கு ஏட்டளவில் நின்றதா, வீடுகளுக்குள்ளும் நுழைந்ததா என்பது தெரிந்துவிடும். தாள் பொடிந்துவரும் பதிவேடுகளை முதலில் படம்பிடித்து வைத்தல் நன்று. எங்கள் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் இருவரிடம் அப்பணியைத் தொடங்கும்படி கூறியிருக்கிறேன்.